பத்து மாதம் கிளினிக், இரண்டு மாதம் பட்டாளம்

ஓசூரில் பாகலூர் சாலையை ஒட்டி, ஒரு டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் டாக்டர் பொற்கொடியின் கிளினிக் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அதன் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்படும். டாக்டர் இரண்டு மாதம் ஊரில் இல்லை என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதியிருக்கும். காரணம் எழுதியிருக்காது. காரணத்தைச் சொல்வது மங்கம்மாவின் பொறுப்பு.

மங்கம்மா பதினோரு வருஷமாக அங்கே நர்ஸ். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். யாராவது வந்து கதவைத் தட்டினால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மேடம் மிலிட்டரிக்குப் போயிருக்குது. ஏப்ரல்ல வரும்" என்பார். கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை எழுதுகிற, ஐந்தடி உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிற, கண்ணாடி போட்ட நாற்பது வயதுப் பெண்மணியை ராணுவச் சீருடையில் அவர்களால் நினைத்துப் பார்க்க முடியாது.

பொற்கொடிக்கே அது சில சமயம் நம்ப முடியாததுதான். சேலத்தில் மருத்துவம் படித்தபோது என்.சி.சி.யில் இருந்தார். ராணுவ டாக்டராகப் போக வேண்டும் என்று அப்போது ஓர் ஆசை இருந்தது. பிறகு கல்யாணம், குழந்தை, ஓசூர், கிளினிக். ஆசை எங்கேயோ மடித்து வைத்த துணி மாதிரி கிடந்தது. முப்பத்தேழு வயதில், மகள் தர்ஷினியை டியூஷனில் விட்டுவிட்டு வெளியே காரில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், செய்தித்தாளில் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். டெரிடோரியல் ஆர்மி. சொந்த வேலையில் இருந்துகொண்டே சேரலாம். வருஷத்தில் இரண்டு மாதம் பயிற்சி முகாம். நாட்டுக்குத் தேவைப்படும்போது கூப்பிடுவார்கள், போக வேண்டும். வயது வரம்பு நாற்பத்திரண்டு.

கணவர் பாஸ்கரன் சிவகாசிக்காரர். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் சூப்பர்வைசர். அவர் அந்த விளம்பரத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஓடச் சொல்லுவாங்களே, கொடி?"

"ஓடணும்தான்."

"ஒனக்கு மூட்டு வலி இருக்கே?"

"டாக்டருக்குத் தெரியாதாக்கும்."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர்தான் முதலில் எழுந்தார். கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற சாலையில் பொற்கொடி ஓடினார். பாஸ்கரன் ஸ்கூட்டரில் பின்னாலேயே, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலோடு, சைக்கிள் வேகத்தில் வந்தார். அணையிலிருந்து வருகிற காற்றில், ஆலைக்கழிவு கலந்து நுரைத்த ஆற்றின் நாற்றம் வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட முடியாது. ஏழு மாதம் அப்படி ஓடினார். எழுத்துத் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து கடிதம் வந்தபோது பாஸ்கரன் கடிதத்தை மங்கம்மாவிடம் காட்டி, "இனிமே நான் மேடத்துக்கு சல்யூட் அடிக்கணுமா?" என்று கேட்டார். "தினமும் அடிச்சிட்டுதானே இருக்கீங்க" என்றார் மங்கம்மா.

முதல் வருஷம் அடிப்படைப் பயிற்சி. அதை முடித்து, அடுத்த வருஷம் ஒரு பட்டாலியனுக்கு டாக்டராகப் போக வேண்டும் என்று உத்தரவு வந்து காத்திருந்த நாட்களில்தான் முனிவேல் கிளினிக்குக்கு வந்தான்.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. உண்மையில் வந்தவள் அவன் மனைவி சரிதா. அவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். முப்பத்திரண்டு வயது இருக்கும் அவனுக்கு. சொந்த ஊர் ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் சாமல்பட்டி. ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில், தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கிற பிரஸ் மெஷினில் ஒன்பது வருஷமாக வேலை.

"பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பறதே இல்லீங்க மேடம்," என்றாள் சரிதா. "வேணும்னே பண்றாருன்னு ஆறு மாசம் சண்டை போட்டேன். போன வாரம் குக்கர் விசில் ஏழு அடிச்சிருக்குது, பக்கத்துலயே உக்காந்து டிவி பாத்துட்டு இருக்காரு. அப்பதான் எனக்குப் பயமாயிடுச்சு."

முனிவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொற்கொடி காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சவ்வு நன்றாக இருந்தது. தட்டினால் ரீங்கரிக்கிற இரும்புக் கவையைத் தட்டி, கேட்கிறதா என்று காதோரம் பிடித்தார். பிறகு கேட்கும் திறனை அளக்கிற பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அந்த வரைபடத்தோடு வந்தார்கள். இடது காதில் கோடு வெகுவாகக் கீழே இறங்கியிருந்தது. வலது காது பரவாயில்லை, ஆனால் அதுவும் இறங்கத் தொடங்கியிருந்தது.

"மெஷின் எந்தப் பக்கம் இருக்கும்?"

"லெஃப்ட்லதாங்க."

"போன காது திரும்பி வராது முனிவேல். மறைச்சுச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். காதுக்கு அடைப்பான் போட்டுத்தான் மெஷின்கிட்ட நிக்கணும். முடிஞ்சா வேற செக்ஷனுக்கு மாறணும். நான் லெட்டர் தர்றேன்."

"லெட்டர் வேணாங்க." அவன் சட்டென்று நிமிர்ந்தான். "இது வெளிய யாருக்கும் போகாதில்லீங்களா?"

"இந்த ரூம்ல பேசினது இந்த ரூமோட சரி."

கம்பெனிக்குப் பயப்படுகிறான் என்று பொற்கொடி நினைத்தார். ஓசூரில் பாதிப் பேர் அப்படித்தான். காதில் வைக்கிற நுரை அடைப்பான் ஒரு ஜோடியைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

மாசியில் முகாம். ஓசூரிலிருந்து ஒரு பகல் முழுக்க ரயில் பயணம். பட்டாலியனில் மற்ற லெப்டினன்ட்கள் எல்லாருக்கும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. முப்பத்தொன்பது வயதில் ஒரு லெப்டினன்ட் வந்து இறங்கியதும், வாசலில் நின்ற காவலர் முதலில் யாரோ அதிகாரியின் மனைவி என்று நினைத்து மேஜரின் வீட்டுக்கு வழி சொன்னார். புது பூட்ஸ் இரண்டு குதிகாலையும் கடித்தது. முகாமின் மருத்துவ அறைக்கு எம்.ஐ. ரூம் என்று பெயர். அங்கே உதவிக்கு இருந்த ஹவில்தார் ராமப்பன் தேன்கனிக்கோட்டைக்காரர். முதல் நாளே அவர் அந்தக் கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, "மேடம், டாக்டரே சிக் ரிப்போர்ட் கொடுத்தா நான் யாருகிட்ட போய் நிக்கறது?" என்றார். அந்தப் பேச்சில் ஓசூர் வாடை அடித்ததும் பொற்கொடிக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

அந்தச் சிப்பாய்களும் அவரைப் போலத்தான். வருஷத்தில் பத்து மாதம் ஒருவர் பஸ் ஓட்டினார், ஒருவர் தக்காளி பயிரிட்டார், ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தினார். இரண்டு மாதம் துப்பாக்கி. முகாம் தொடங்கியதும் எல்லாருக்கும் உடல் தகுதிப் பரிசோதனை. ஐந்தாம் நாள், பட்டாலியனில் கம்பெனி என்று சொல்கிற பிரிவுகளில் நான்காவதின் பட்டியலைப் புரட்டியபோது அந்தப் பெயர் இருந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ முனிவேல் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அவனேதான். விறைப்பாக வந்து நின்று, "ஜெய் ஹிந்த் மேடம்" என்றான். குரல் சரியாக இருந்தது. கண் மட்டும் ஒரு நொடி அகலமாகி, பிறகு சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

ரத்த அழுத்தம், பார்வை, எடை. கடைசியில் காது. ராணுவத்தில் அதற்கு ஒரு பழைய முறை உண்டு. சிப்பாய் முதுகைக் காட்டி நிற்பான். ஒரு காதை உதவியாளர் உள்ளங்கையால் மூடுவார். டாக்டர் ஆறு மீட்டர் பின்னால் கோட்டில் நின்று, மூச்சுக்காற்றில் ஒரு சொல்லையோ எண்ணையோ கிசுகிசுப்பார். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ராமப்பன் முனிவேலின் வலது காதை மூடினார்.

"ரயில்," என்று கிசுகிசுத்தார் பொற்கொடி.

"ரயில்."

"தொண்ணூத்தி நாலு."

"தொண்ணூத்தி நாலு."

பொற்கொடிக்கு அந்த வரைபடத்தின் கோடு கண்ணில் வந்து நின்றது. அந்தக் காதுக்கு இது கேட்க வழியே இல்லை. இன்னொரு சொல்லைச் சொன்னபடியே நிமிர்ந்து பார்த்தார். அடுத்த முறைக்காக எதிர்ச் சுவர் ஓரம் நின்ற சிப்பாயின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. முனிவேல் அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

பொற்கொடி படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. "அடுத்த ஆள்" என்றார்.

சாயங்காலம் விளையாட்டு முடிந்து எல்லாரும் குளிக்கப் போன நேரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முனிவேல் காத்திருந்தான். மற்ற அதிகாரிகள் சிப்பாய்களை ஹிந்தியில் 'தும்' என்று ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். பொற்கொடிக்கு அது வரவில்லை.

"நீங்க மிலிட்டரியில இருக்கறதை அன்னைக்குச் சொல்லவே இல்லியே முனிவேல்."

"நீங்களும் சொல்லலீங்களே மேடம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

"இந்த ரூம்ல பேசினது இந்த ரூமோடன்னு நீங்கதாங்க சொன்னீங்க," என்றான் அவன்.

"சொன்னேன். அதை மீற மாட்டேன். அங்க எனக்குத் தெரிஞ்சதை இங்க எழுத மாட்டேன். ஆனா இன்னைக்கு அந்தப் பையன் உதட்டை அசைச்சதை நான் பார்த்துட்டேன். இங்க பார்த்ததை விட்டுட முடியாது. நாளைக்குக் காலைல உங்களுக்கு மறுபடியும் டெஸ்ட். உள்ள நீங்க, நான், ராமப்பன். வேற யாரும் கிடையாது."

"எழுதிட்டா என்ன பண்ணுவாங்க?"

"மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பொய் சொல்ல மாட்டேன்."

அவன் தொட்டிச் சுவரின் பாசியை விரலால் சுரண்டினான்.

"ஓசூர் கம்பெனில யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க மேடம். 'மூணாம் நம்பர் பிரஸ்ஸு'ம்பாங்க. ஒம்போது வருசமா அதான் என் பேரு. இங்கதான் நான் சிப்பாய் முனிவேல். சாமல்பட்டி ஸ்டேசன்ல இந்த டிரெஸ்ஸோட இறங்கறப்ப, எங்கூரு ஆளுங்க நின்னு பாப்பாங்க. இந்த ரெண்டு மாசத்துக்காகத்தான் மிச்ச பத்து மாசமும் மெசின்கிட்ட நிக்கறேன். நீங்க எழுதலேன்னா யாருக்குங்க தெரியும்?"

 அவன் சொன்னதில் ஒரு பாதி பொற்கொடியுடையதாகவும் இருந்தது. கிளினிக்கில் நாளெல்லாம் சளி, மூட்டு, சர்க்கரை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த இரண்டு மாதத்தை நினைத்துக்கொண்டு தூங்கிய நாட்கள் அவருக்கும் உண்டு.

"காவல்ல நிக்கறப்ப பின்னாடி இருந்து வர்றவன் மெதுவாத்தான் பாஸ்வேர்டு சொல்லுவான்," என்றார். "அது உங்களுக்குக் கேக்கலேன்னா நீங்க அவனைச் சுடணும். இல்ல, உங்களை எவனாவது சுடுவான். சரிதாகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"எட்டு முகாம் வந்துட்டேன். ஒண்ணும் ஆகலீங்களே."

சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்குப் போன் செய்தார் பொற்கொடி. பாஸ்கரன் சமையலறையில் இருந்தார். பின்னணியில் கடுகு பொரிந்தது.

"சானமாவுக் காட்டுல இருந்து ஆனை எறங்கியிருக்காம். எங்க ஷிப்ட் பஸ் டிரைவர் சுத்து வழியில விட்டுட்டான், முக்கால் மணி நேரம் லேட்டு. தர்ஷினி பிசிக்ஸ்ல எண்பத்தொண்ணு." பிறகு நிறுத்தினார். "என்ன, கொரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒரு பேஷன்ட் விஷயங்க. சொல்ல முடியாது."

"சொல்ல வேண்டாம். சாப்ட்டியா?"

"இன்னும் இல்லை."

"சரி. நான் வெங்காயம் வதக்கிட்டே இருக்கேன். நீ லைன்லயே இரு."

அப்படியே இருந்தார்கள். கரண்டி வாணலியில் உரசுகிற சத்தம் நானூறு கிலோமீட்டர் தாண்டி வந்துகொண்டிருந்தது. 

மறுநாள் காலை எம்.ஐ. ரூமின் கதவு சாத்தப்பட்டது. முனிவேல் சுவரைப் பார்த்து நின்றான். முடியை அன்றைக்குத்தான் வெட்டியிருந்தான். பின்கழுத்தில் வெயில் படாத தோல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. ராமப்பன் அவன் வலது காதை மூடினார். பொற்கொடி கோட்டில் போய் நின்றார்.

"அறுபத்தியேழு."

பதில் இல்லை.

"மாம்பழம்."

அவன் தோள்கள் இறுகின. எல்லா பலத்தையும் அந்தக் காதுக்குக் கொண்டுவர முயல்வது முதுகிலேயே தெரிந்தது. ராமப்பன் டாக்டரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

மூன்றாவது தடவை பொற்கொடி எண்ணும் சொல்லவில்லை, பழமும் சொல்லவில்லை. "முனிவேல்" என்றுதான் கிசுகிசுத்தார். அவன் பெயர் அவனைப் போய்ச் சேரவில்லை. அவன் அசையாமல் நின்றான்.

அவன் ஏதாவது ஓர் எண்ணைக் குத்துமதிப்பாகச் சொல்லிப் பார்த்திருக்கலாம். சிலர் அப்படிச் செய்வார்கள். அவன் திரும்பாமலேயே, "கேக்கலீங்க மேடம்," என்றான். "எழுதிக்கோங்க."

எழுதினார். கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. ராமப்பன் தன் பேனாவைக் கொடுத்தார்.

அன்றைக்கே படிவத்தோடு கர்னலைப் போய்ப் பார்த்தார். கர்னல் குறைவாகப் பேசுகிற பஞ்சாபிக்காரர். காவலுக்கும் துப்பாக்கிப் பயிற்சிக்கும் இந்த ஆள் வேண்டாம், ஆனால் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், எம்.ஐ. ரூமில் ஸ்ட்ரெச்சர் வேலைக்கும் முதலுதவிக்கும் நானே பழக்குகிறேன் என்று பொற்கொடி ஆங்கிலமும் அரைகுறை ஹிந்தியுமாகச் சொன்னார்.

"நீங்கள் இந்த யூனிட்டுக்கு வந்து எத்தனை நாள், டாக்டர்?"

"ஆறு நாள் சார்."

"ஆறு நாளில் என் கம்பெனியிலிருந்து ஓர் ஆளைக் கேட்கிறீர்கள்." கர்னல் படிவத்தை இரண்டு தடவை பார்த்தார். "போர்டு என்ன சொல்கிறதோ அதுதான். அதுவரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்."

போர்டு அவன் மருத்துவத் தரத்தைக் குறைத்தது. ஒரு வருஷத்துக்கு ஆயுதம் இல்லாத வேலை; பிறகு மறுபரிசீலனை. மீதி முகாம் முழுக்க முனிவேல் எம்.ஐ. ரூமில் இருந்தான். கட்டுப்போடக் கற்றுக்கொண்டான், உடைந்த காலுக்குக் கட்டை வைக்கக் கற்றுக்கொண்டான். சொன்ன வேலையைச் சொன்னதற்கு மேலேயே செய்தான். ஆனால் பொற்கொடியிடம் "ஜெய் ஹிந்த் மேடம்", "எஸ் மேடம்" இரண்டையும் தவிர மூன்றாவது பேச்சுப் பேசவில்லை. மற்றவர்கள் துப்பாக்கியோடு சுடுதளத்துக்கு அணிவகுத்துப் போகும் காலை நேரங்களில் அவன் பஞ்சுப் பெட்டியை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் உள்ளேயே இருந்துகொள்வான்.

பங்குனி கடைசியில் கிளினிக் கதவிலிருந்து காகிதத்தைக் கிழித்தார்கள். பத்து நாள் கழித்து சரிதா தனியாக வந்தாள். பொற்கொடி திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்தார். சரிதா திட்டவில்லை.

"அவரு பேசறதே இல்லீங்க மேடம். என்ன நடந்துச்சுன்னு அவரு சிநேகிதரு பொண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊருக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறாரு. இப்ப என்னா பண்றது?"

"எதிர்ல நின்னு பேசுங்க. வலது பக்கம் உக்காருங்க. பின்னாடி இருந்து கூப்பிடாதீங்க. இடது காதுக்கு இனி எதுவும் உதவாது, வலது காதுக்கு வைக்கற மெஷின் இருக்கு, கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரியில கேளுங்க, நான் எழுதித் தர்றேன்."

"கெழவன்தான் அதை வெப்பான்னு சொல்றாருங்க."

"சொல்லட்டும். நீங்க வாங்கி வீட்ல வைங்க."

ஆடி மாதத்தில் ஒரு நாள், கடைசி நோயாளியாக முனிவேலே வந்தான். டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறான். மங்கம்மா முன்னால் விடுகிறேன் என்றபோதும் அவன் கேட்கவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றான்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் மேடம். நீங்க பண்ணது சரிதான். எனக்குத் தெரியும். ஆனா என்னால மறக்க முடியல. உங்க மேல கோவமாத்தான் இருக்கு."

பொற்கொடி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இருக்கட்டும் முனிவேல். எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும். கோவத்தோடவே அந்த மெஷினை எடுத்துக் காதுல வைங்க. கோவத்தோடவே செக்ஷன் மாத்தறதுக்கு லெட்டர் வாங்கிட்டுப் போங்க. வலது காதும் போச்சுன்னா, அப்புறம் சரிதா உங்ககிட்ட சண்டை கூடப் போட முடியாது."

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். லெட்டரை வாங்கிக்கொண்டு போனான். அந்த மாதக் கடைசியில் கம்பெனி அவனைப் பொருள் ஏற்றி அனுப்புகிற பிரிவுக்கு மாற்றியது. காது மெஷினை வைத்தானா என்று பொற்கொடிக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. ஊத்தங்கரைப் பக்கம் ஏரிகள் நிரம்பி ஊருக்குள் தண்ணீர் வந்தது. வியாழக்கிழமை மதியம் கிளினிக்கில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது பொற்கொடிக்குப் போன் வந்தது. பட்டாலியனிலிருந்து முப்பது பேரும் ஒரு டாக்டரும் நிவாரணத்துக்குப் போக வேண்டும். அவருக்கு அது சொந்த மாவட்டம். நேராகப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

மங்கம்மா கதவில் காகிதம் ஒட்டினார். பாஸ்கரன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, தண்ணீர் சூழாத தூரம்வரை அவரைக் கொண்டுவிட்டார். அங்கே ராணுவ லாரி நின்றது. இறங்கும்போது, "ஈரத் துணியோட இருக்காத கொடி" என்று மட்டும் சொன்னார்.

சாமல்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். பொற்கொடி உள்ளே நுழைந்தபோது வராந்தாவில் ஒரு மேஜை, அதன் பின்னால் சீருடையில் முனிவேல். வட்டாரத்து ஆள் என்பதால் கர்னலே பெயரைக் குறித்து அனுப்பியிருந்தார். அவன் எழுந்து சல்யூட் அடித்தான். வலது காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் ஒரு சின்ன வளைவு ஒட்டிக்கொண்டிருந்தது. பொற்கொடி அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எத்தனை பேர்?"

"நூத்தி எழுவது மேடம். ஏழு பேருக்குக் காய்ச்சல். நாகம்மாள்னு ஒருத்தங்களுக்குச் சக்கரை, ரெண்டு நாளா ஊசி போடலீங்க. ஓட்டுல கால் கிழிச்சுக்கிட்டவரு ஒருத்தர். அவங்களை முதல்ல பாருங்க."

பார்த்தார். நாகம்மாளுக்கு ஊசி போட்டார். மூன்றாம் வகுப்பு பெஞ்சில் படுக்க வைத்து அந்த மனிதரின் காலைத் தைத்தார். முனிவேல் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான், நூலை வெட்டினான், கட்டுப் போட்டான். நான்கு நாள் அப்படிப் போனது. தண்ணீருக்குள் இடுப்பளவு நடந்து போய், கட்டிலோடு ஆட்களைத் தூக்கிவந்தான். இறங்கும் முன்னால் காதிலிருந்து மெஷினைக் கழற்றிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு பொற்கொடியின் மேஜையில் வைப்பான். திரும்பி வந்ததும் தலையைத் துவட்டிவிட்டு எடுத்து மாட்டிக்கொள்வான். அவர்கள் பேசிய பேச்செல்லாம் மருந்தும் ஆளும்தான். ஆனால் பேசினார்கள்.

நான்காம் நாள் காலை பொற்கொடி உள்ளே ஒரு குழந்தையின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்திருந்தார். வராந்தாவில் வரிசை. நாராயணப்பன் என்ற விவசாயி, மாடுகளைத் தேடி மூன்று நாள் அலைந்து குரல் போனவர், மேஜைக்கு இடப்பக்கம் நின்று ஏதோ முணுமுணுத்தார். முனிவேல் எழுதிக்கொண்டே இருந்தான். அவர் இரண்டாவது தடவையும் முணுமுணுத்துவிட்டு, மிலிட்டரிக்காரன் மதிக்கவில்லை என்று முகம் சுருங்கி நகரப் போனார். பின்னால் நின்ற பெண் மேஜையைத் தட்டினாள். முனிவேல் நிமிர்ந்தான்.

"அய்யய்யோ, கோச்சுக்காதீங்க பெரியவரே. எனக்கு அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வாங்க."

"மிலிட்டரிக்காரருக்குக் காது கேக்காதா?"

"மெசின்ல போச்சுங்க. இந்தப் பக்கத்துக் காது நல்லாக் கேக்குது. கிட்ட வந்து உக்காருங்க. என்னா பண்ணுது உங்களுக்கு?"

வராந்தாவில் அவன் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவும் இல்லை. உள்ளே பொற்கொடிக்குக் குழந்தையின் மூச்சு சரியாகக் காதில் விழவில்லை. ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடியும் வைத்துக் கேட்டார். குழந்தையின் அம்மா பயந்துபோய், "என்னாங்க மேடம்?" என்றாள். "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கு" என்றார்.

தண்ணீர் வடிந்து எல்லாரும் கலைந்த அன்று, லாரி கிளம்பும் முன்பு முனிவேல் ஒரு டம்ளர் டீயோடு வந்தான்.

"தை மாசம் மறுபடியும் போர்டு மேடம். வெச்சுக்குவாங்களா?"

"தெரியலை முனிவேல்."

"சரிங்க," என்றான். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று டம்ளரை வாங்கிக்கொண்டு போனான்.

தை பிறந்து இரண்டு வாரம் கழித்து, கிளினிக்கில் கூட்டம் நெரிந்த ஒரு திங்கட்கிழமை, போன் அடித்தது. பின்னணியில் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்.

"மேடம், முனிவேல் பேசறேன். இன்னும் ரெண்டு வருசம் கொடுத்திருக்காங்க. எம்.ஐ. ரூம்லதான். ரைபிள் இல்லீங்க."

"சந்தோஷம்தானே?"



"ரைபிள் இல்லேங்கறது வலிக்குதுங்க. மத்தபடி சந்தோசம்தான். சரிதா அழுதுட்டா. லோடு வந்துருச்சு மேடம், வெக்கறேன்."

பொற்கொடி போனைக் கீழே வைத்தார். அடுத்த டோக்கனோடு வாசலில் நின்ற மங்கம்மா, "யாரு மேடம், சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

"எங்க யூனிட் ஆள்," என்றார் பொற்கொடி. "அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."